லீவு ஒரு பாராசிட்டமால்: பணிச்சோர்வின் மூலத்தைத் தேடுவது எப்படி

பத்து நாள் லீவு முடிந்து வந்த முதல் நைட் டூட்டி. எட்டு மணிக்கு ஹேண்டோவர் எடுத்தேன், அதாவது முந்தைய ஷிஃப்ட்டிடமிருந்து நோயாளிகளின் பொறுப்பை வாங்கிக்கொண்டேன். பத்து மணிக்கெல்லாம் லீவில் போய் வந்தது வேறு யாரோ என்பது போல ஆகிவிட்டது. நான்காம் பெட் அட்டெண்டர் வந்து, "சிஸ்டர், அப்பா கண்ணைத் திறப்பாரா?" என்று கேட்டார். பதில் சொன்னேன். சரியான பதில்தான், பயிற்சியில் சொல்லிக்கொடுத்த அதே வரிசையில். அவர் போன பிறகுதான் உறைத்தது: அவர் முகத்தை நான் பார்க்கவே இல்லை. மருந்து ஏற்றும் இன்ஃபியூஷன் பம்ப்பைப் பார்த்துக்கொண்டே பேசியிருக்கிறேன். மறுநாள் வெளியே எங்காவது எதிரில் வந்திருந்தால் அவரை எனக்கு அடையாளம் தெரிந்திருக்காது.

ஐசியூவில் 18 வருஷம் ஆகிறது, கடைசி ஆறு வருஷமாக இன்சார்ஜ். ஒரு நோயாளிக்குக் காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் கொடுப்போம், இறங்கும். ஆனால் அதோடு நிறுத்திக்கொள்ளும் நர்சை நான் சும்மா விடமாட்டேன். நெஞ்சா, சிறுநீரா, பெரிய ரத்தக்குழாயில் போட்ட சென்ட்ரல் லைனா, படுக்கைப் புண்ணா என்று தேடவேண்டும், என்ன கிருமி என்று பார்க்க கல்ச்சர் அனுப்பவேண்டும். இல்லாவிட்டால் ஆறு மணி நேரத்தில் சூடு திரும்ப ஏறும். இத்தனையும் தெரிந்த நான், என் விஷயத்தில் மட்டும் லீவு என்ற பாராசிட்டமாலைப் போட்டுக்கொண்டு இரண்டு வருஷம் ஓட்டினேன். கீழே எழுதியிருப்பது அதற்குப் பிறகு நான் தேடிய முறை. நர்ஸ், டாக்டர், டெக்னீஷியன், ஆம்புலன்ஸ் ஊழியர் என்று யாராக இருந்தாலும் ஒத்துவரும். ஒன்றுமட்டும்: ஒரே வாரத்தில் எல்லாவற்றையும் செய்யப் பார்க்காதீர்கள். அது இன்னொரு டூட்டி ஆகிவிடும்.

முதலில், இது என்ன என்று பாருங்கள்

தமிழில் பர்ன்அவுட்டையும் மனச்சோர்வு என்று எழுதுகிறார்கள், டிப்ரஷனையும் மனச்சோர்வு என்றே எழுதுகிறார்கள். இந்தக் குழப்பத்தால் இரண்டு பக்கமும் நஷ்டம். அதனால் பர்ன்அவுட்டை இங்கே பணிச்சோர்வு என்றே சொல்கிறேன்.

1974இல் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் என்ற உளவியலாளர் இந்தச் சொல்லை ஒரு கட்டுரையில் பயன்படுத்தினார். நியூயார்க்கில் ஓர் இலவச மருத்துவமனையில் வேலை செய்தவர் அவர். அங்கே ஆர்வத்தோடு வந்த தன்னார்வலர்கள் கொஞ்சம் கொஞ்சமாக அணைந்துபோவதைப் பார்த்து எழுதினார். பிறகு கிறிஸ்டினா மாஸ்லாக், சூசன் ஜாக்சன் இருவரும் 1981இல் இதை அளக்க ஒரு கேள்வித்தாள் தயாரித்தார்கள். அது மூன்று விஷயங்களைத் தனித்தனியாக அளக்கிறது. அவர்கள் வைத்த பெயர்கள் நீளமானவை. நம் டூட்டி அறையில் தினமும் காதில் விழும் மூன்று வாக்கியங்களே போதும்.

"முடியல." இது உணர்ச்சி வற்றிப்போவது.

"மரத்துப்போச்சு." நோயாளி பெட் நம்பராக மட்டும் தெரிவது. என் நான்காம் பெட் கதை இதுதான்.

"என்ன பண்ணி என்ன?" செய்கிற வேலைக்கு எந்தப் பயனும் இல்லை என்று தோன்றுவது.

உங்கள் வாயில் எது அதிகம் வருகிறது என்று கவனியுங்கள். "முடியல" மட்டும் என்றால் தூக்கமும் ஆள் பலமும் பெரும்பாலும் சரிசெய்துவிடும். இரண்டாவதும் மூன்றாவதும் சேர்ந்துவிட்டால் லீவு பிடிக்காது. எனக்கு மூன்றும் இருந்தன. நான் முதலாவதற்கு மட்டும் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உலக சுகாதார நிறுவனம் 2019இல் தன் நோய் வகைப்பாட்டின் 11ஆம் பதிப்பில் பணிச்சோர்வை நோய் என்று சேர்க்கவில்லை. சமாளிக்கப்படாமல் நீடித்த வேலை அழுத்தத்தால் வருகிற, வேலையோடு சேர்ந்த நிலை என்றுதான் வைத்தது. எனக்கு இது பெரிய ஆறுதலாக இருந்தது. கோளாறு என் எலும்பில் இல்லை, எனக்கும் வேலைக்கும் நடுவில் இருக்கிறது.

டிப்ரஷன் வேறு. பணிச்சோர்வு பெரும்பாலும் மருத்துவமனை வாசலில் கனக்கும், தள்ளிப் போகப் போக கொஞ்சமாவது இலேசாகும். டிப்ரஷன் வீட்டுக்கும் கூடவே வரும், பிடித்த பாட்டையும் பிடிக்காமல் செய்யும். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் மனம் ஒட்டாமல், தூக்கமும் பசியும் மாறி, நான் எதற்கும் லாயக்கில்லை என்ற எண்ணம் நிற்காமல் ஓடினால் மனநல மருத்துவரைப் பாருங்கள். செத்துப்போனால் தேவலை என்று ஒருமுறை தோன்றினாலும் இரண்டு வாரமெல்லாம் காத்திருக்கக் கூடாது, அன்றே பேசவேண்டும். நமக்கு மருந்துகளும் அளவுகளும் தெரியும், கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கின்றன. அதனால்தான் அன்றே என்கிறேன். கூட வேலை செய்பவர்கள் பார்த்துவிடுவார்களோ என்று கூச்சமாக இருந்தால் உங்கள் மருத்துவமனைக்கு வெளியே ஒருவரைப் பாருங்கள். நான் அப்படித்தான் போனேன்.

அப்புறம் ஹீமோகுளோபினும் தைராய்டும் ஒருதடவை பார்த்துவிடுங்கள். மனசு மனசு என்று ஆறு மாதம் தேடிய ஒரு ஜூனியருக்குக் கடைசியில் ஹீமோகுளோபின் எட்டுக்குக் கீழே இருந்தது, கடும் ரத்தசோகை.

இரண்டு வாரம் சார்ட் போடுங்கள்

சட்டைப்பையில் அடங்கும் சின்ன நோட்டு போதும். செல்போன் வேண்டாம், எடுத்தால் வார்டு குரூப் மெசேஜ்தான் முதலில் கண்ணில் படும். ஒவ்வொரு டூட்டி முடிந்ததும் மூன்று வரி. இன்று எந்த நிமிஷத்தில் மனசு இறங்கியது. அந்த நிமிஷம் எனக்கு நானே என்ன சொல்லிக்கொண்டேன். அதன் பிறகு என்ன செய்தேன். நோயாளி பெயரோ அடையாளமோ எழுதாதீர்கள், நோட்டு தொலைந்தாலும் யாருக்கும் பாதகம் வரக்கூடாது.

இரண்டாவது வரிதான் முக்கியம். "மூன்று அட்மிஷன் ஒன்றாக வந்தது" என்பது சம்பவம். "இதைக்கூட சமாளிக்கத் தெரியாதவள்" என்பது நான் எனக்குச் சொன்னது. சுட்டது சம்பவத்தை விட வாக்கியம்தான்.

என் நோட்டில் 12 டூட்டி பதிவாகியிருந்தது. மரணங்களும் வேலைப் பளுவும்தான் என்னைத் தின்கின்றன என்று சத்தியம் செய்திருப்பேன். அந்த 12இல் மூன்று மரணம் நடந்திருந்தது. ஆனால் மனசு அதிகம் இறங்கிய நாட்களில் அந்த மூன்றில் ஒன்றுகூட இல்லை. இறங்கிய நாட்கள் வேறு: எல்லார் முன்னாலும் ஒருவர் கத்த, நான் சிரித்த முகத்தோடு நின்ற நாள். இந்தச் சிகிச்சை எதற்கு என்று தெரியாமலே செய்துகொண்டிருந்த நாள். வீட்டில் இரவு 11 மணிக்கு, பொட்டாசியம் பரிசோதனைக்கு ரத்தம் அனுப்பினார்களா என்று வார்டுக்கு போன் போட்ட நாள். ஒவ்வொன்றுக்கும் மூலம் வேறு, மருந்தும் வேறு. உங்கள் நோட்டிலும் இரண்டு மூன்று மூலம்தான் திரும்பத் திரும்ப வரும். கீழே உள்ளதில் அவற்றுக்கானதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

"நான் பார்க்காவிட்டால் ஆகாது"

நம்மைத் தேர்ந்தெடுக்கும்போதே இந்தக் குணத்தைப் பார்த்துத்தான் எடுக்கிறார்கள். ஒரு புள்ளி மாறினால் டோஸ் பத்து மடங்கு மாறும் என்று முதல் வருஷத்திலிருந்து சொல்லி வளர்க்கிறார்கள். அதில் தப்பில்லை. ஆனால் வேலை நேரத்துக்கென்று செய்த கருவி, வீட்டிலும் அணைக்க முடியாமல் ஓடிக்கொண்டிருக்கிறது.

எச்சரிக்கை எது, பயம் எது என்று பிரிக்க ஒரு வழி உண்டு. எச்சரிக்கை ஒருமுறை சரிபார்த்தால் அடங்கும். பயம் சரிபார்த்த பிறகும் "இன்னொரு தடவை" என்று கேட்கும். மூன்றாவது தடவை மருந்து அலமாரியைத் திறக்கிறீர்கள் என்றால் அது நோயாளிக்காக இல்லை.

இதற்கு நான் செய்தது ஹேண்டோவரை மாற்றியது. முன்பெல்லாம் நான் கடகடவென்று சொல்வேன், எதிரில் இருப்பவர் தலையாட்டுவார். இப்போது நிலுவையில் உள்ளதை மட்டும் எழுதிக் கொடுத்து, அவரைத் திரும்பச் சொல்லச் சொல்கிறேன். "ஆறு மணிக்கு பொட்டாசியம், ரிசல்ட் வந்தால் டூட்டி டாக்டருக்கு" என்று அவர் வாயால் கேட்டுவிட்டால் அது அவர் கைக்குப் போய்விட்டது. நோயாளிக்கும் பாதுகாப்பு, எனக்கும் ரசீது. வீட்டில் அந்த நினைப்பு வந்தால் சொல்ல ஒரே வாக்கியம் வைத்திருக்கிறேன்: "அது ஹேண்டோவரில் இருக்கிறது." நினைப்பு வந்த பிறகு யோசித்தால் போன் கை மேல் வந்துவிடும். இன்னது வந்தால் இன்னது சொல்வேன் என்று முன்னாலேயே முடிவுசெய்து வைத்திருக்கவேண்டும். முதல் வாரம் இரண்டு தடவை தோற்றேன், போன் போட்டேன். மூன்றாம் வாரம் போடவில்லை.

டபுள் டூட்டிக்குக் கூப்பிடும்போதும் இதே குணம்தான் தலையாட்ட வைக்கும். "இன்று முடியாது. வேறு நாள் வேண்டுமானால் வியாழன் பார்க்கிறேன்." இவ்வளவுதான். காரணம் சொல்ல ஆரம்பித்தால் அது பேரம் ஆகிவிடும். குற்ற உணர்ச்சி வந்தால் ஒரு கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். 1997இல் டாசன், ரீட் என்ற இருவர் வெளியிட்ட ஆய்வில், 17 மணி நேரம் தூங்காமல் இருந்தவர்களின் செயல்திறன் ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் இருப்பவர்களின் அளவுக்கு இறங்கியிருந்தது. குடித்துவிட்டு உதவிக்கு வருகிறேன் என்று யாராவது சொன்னால் வார்டுக்குள் விடுவோமா?

முகத்துக்குப் போடும் வேஷம்

1983இல் ஆர்லி ஹோஷைல்ட் என்ற சமூகவியலாளர் விமானப் பணிப்பெண்களைக் கவனித்து, சம்பளத்துக்காக உணர்ச்சியைக் கையாள்வதும் ஓர் உழைப்புதான் என்று எழுதினார். உள்ளே ஒன்றிருக்க முகத்தில் வேறொன்றை ஒட்டிக்கொள்வது ஒருவகை. உள்ளே இருப்பதையே மெல்ல மாற்றிக்கொள்ள முயல்வது இன்னொருவகை. முதல் வகையில்தான் ஆள் சீக்கிரம் வற்றுகிறார் என்று பிறகு வந்த ஆய்வுகள் பலவும் காட்டுகின்றன. ஆறு மணி நேரம் சிரித்த முகத்தோடு கோபத்தை விழுங்கியவர்களுக்கு ஆய்வே தேவையில்லை.

இன்னும் நன்றாக நடிக்கக் கற்றுக்கொள்ளுங்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. நடிப்பின் தேவையைக் குறைக்கப் பாருங்கள். அதற்கு வழி, உண்மையான வாக்கியங்களைப் பேசுவது. "உங்கள் கோபம் புரிகிறது" என்று ஒரு நாளில் இருபது தடவை சொன்னால் இருபத்தோராவது தடவை சொல்லும் குரல் நமக்கே பிடிக்காது. அதற்குப் பதில், "இப்போது ஒருவருக்கு மூச்சுத் திணறுகிறது, அங்கே போகிறேன். பத்து நிமிஷத்தில் உங்களிடம் வருகிறேன்" என்றால் அது நடந்துகொண்டிருப்பது. ஒட்டவைக்க எதுவும் இல்லை. பத்து நிமிஷத்தில் போகவும் வேண்டும், அது வேறு விஷயம்.

இன்னொன்று கை சுத்தம் செய்யும் நேரம். ஆல்கஹால் ரப் போட்டுத் தேய்க்க 20 முதல் 30 விநாடி ஆகும். எப்படியும் செய்யவேண்டியதுதான், யாரும் அவசரப்படுத்த முடியாது. அந்த 20 விநாடியில் நான் போர்டில் இருக்கும் பெயரைப் படிக்கிறேன், வயதைப் படிக்கிறேன். போன பெட்டில் திட்டியவரை அந்த பெட்டிலேயே விட்டுவிட்டு வர இது போதுமானதாக இருக்கிறது. எல்லா நாளும் இல்லை.

கூட அழுவதும் கை கொடுப்பதும்

இது எனக்குப் பெரிய மூலமாக இல்லை, குழந்தைகள் வார்டிலும் புற்றுநோய் வார்டிலும் இருப்பவர்களுக்கு இருக்கும். மற்றவர் வலியைத் தன் உடம்பில் வாங்கிக்கொள்வது ஒன்று, அந்த வலி தீரவேண்டும் என்ற கனிவோடு நிற்பது வேறொன்று. டானியா சிங்கர், ஓல்கா கிளிமெக்கி என்ற ஆய்வாளர்களின் குழுவினர் இரண்டுக்கும் தனித்தனியே பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். வலியை வாங்கிக்கொள்ளும் பயிற்சி எடுத்தவர்களுக்கு வேதனை கூடியது. பிறகு கனிவுப் பயிற்சி கொடுத்தபோது அது இறங்கியது, மூளையில் வேலை செய்த பகுதிகளும் வேறாக இருந்தன.

ஆகவே "ஒட்டாமல் இரு, தோலைத் தடிப்பாக்கு" என்று சீனியர்கள் சொல்வது பாதிதான் சரி. ஒட்டாமல் இருக்கப் பழகியவர் போய்ச்சேரும் இடம் "மரத்துப்போச்சு". கேள்வியை மாற்றிப் பாருங்கள். "இவருக்கு எவ்வளவு வலிக்கும்" என்று ஓடும் மனசை, "இந்த நிமிஷம் நான் என்ன செய்யலாம்" என்று திருப்புங்கள். டிரெஸ்ஸிங்குக்கு முன் வலி மருந்து வேலை செய்ய நேரம் கொடுத்தோமா, தலையணை சரியாக இருக்கிறதா, கையைப் பிடிக்க ஓர் ஆள் இருக்கிறாரா. சின்ன விஷயம்தான், ஆனால் கைக்கு வேலை கிடைத்துவிடும்.

சரியென்று தெரிந்ததைச் செய்ய முடியாமல் போவது

என் காய்ச்சலின் பெரிய மூலம் இங்கேதான் இருந்தது.

ஒரு வயதானவர். பல உறுப்புகள் செயலிழந்து மூன்றாவது வாரம். திரும்பமாட்டார் என்று வார்டில் எல்லாருக்கும் தெரியும், குடும்பத்துக்கு மட்டும் தெரியாது. "பார்க்கலாம்" என்றே தினமும் சொல்லப்பட்டது. ஒவ்வொரு விடியற்காலையும் நான் அவருக்கு ரத்தம் எடுத்தேன், எடுக்க நரம்பு கிடைக்கவில்லை. கடைசியில் இதயம் நின்று, நெஞ்சை அழுத்தி சிபிஆர் செய்தபோது என் உள்ளங்கைக்குக் கீழே விலா எலும்பு முறிவது தெரிந்தது. பிழைக்கக் கூடியவர் என்றால் அந்த உணர்வை மறந்துவிடலாம், அப்படிப் பல பேரை மறந்திருக்கிறேன். இவரை மறக்க முடியவில்லை. வேலை கஷ்டமாக இருந்தது என்பதால் இல்லை. எதற்குச் செய்தேன் என்று தெரியவில்லை.

1984இல் ஆண்ட்ரூ ஜேம்டன் என்ற தத்துவவியலாளர் நர்சிங் பற்றி எழுதும்போது இதற்கு ஒரு பெயர் கொடுத்தார். தமிழில் அறத் தவிப்பு என்று சொல்லலாம். சரியானது எது என்று தெரியும், நிறுவனத்தின் கட்டுப்பாடுகள் செய்ய விடாது. இதில் மோசமான விஷயம், சம்பவம் முடிந்தாலும் அடியில் ஒரு படிவு நிற்கிறது. அடுத்த தடவை பூஜ்யத்திலிருந்து தொடங்காது, அந்தப் படிவின் மேலிருந்து தொடங்கும். புதிதாக வந்தவர் சாதாரணமாக எடுத்துக்கொள்ளும் ஒரு விஷயத்துக்கு 15 வருஷ சீனியர் வெடிப்பது இதனால்தான். அவரைக் கோபக்காரர் என்று எழுதிவிடுகிறோம்.

ஓய்வு இதைத் தொடவே தொடாது. பேசினால்தான் கொஞ்சமாவது கரையும். பேசுவதிலும் ஒரு முறை இருக்கிறது.

முதலில் தனியாக உட்கார்ந்து எழுதிப் பாருங்கள்: எனக்கு உறுத்துவது சரியாக எது? சிகிச்சையா, குடும்பத்திடம் சொல்லாததா, வலி மருந்து போதாததா? எனக்கு முழு விவரம் தெரியுமா? சிலசமயம் மாலையில் டாக்டர் குடும்பத்திடம் பேசியிருப்பார், நைட் டூட்டியில் இருக்கும் நமக்குத் தெரிந்திருக்காது. பிறகு, முடிவெடுப்பவர் யார் என்று பாருங்கள். அவரிடம் குற்றச்சாட்டாகக் கேட்காமல் கேள்வியாகக் கேளுங்கள். நான் பயன்படுத்தும் வாக்கியம்: "இவருடைய சிகிச்சையில் நம் இலக்கு என்ன என்று குடும்பத்திடம் பேசியாகிவிட்டதா? என்னிடம் கேட்கிறார்கள், நான் என்ன சொல்லட்டும்?" இதில் யாரையும் தப்பு சொல்லவில்லை, ஆனால் பதில் சொல்லாமல் நகரவும் முடியாது. முடிந்தால் டாக்டர்கள் பெட் பெட்டாக வரும் ரவுண்ட்ஸில், இன்னொருவரும் பக்கத்தில் இருக்கும்போது கேளுங்கள். வலியையும் அவதியையும் குறைக்கப் பார்க்கும் நோய் தணிப்புப் பிரிவோ நெறிமுறைக் குழுவோ இருக்கும் இடமென்றால், அவர்களைக் கூப்பிடலாமா என்று கேட்பது உங்கள் அதிகாரத்துக்கு மீறியதல்ல.

முதல் தடவை நான் கேட்டபோது "உங்கள் வேலையைப் பாருங்கள்" என்று பதில் வந்தது. அன்று ராத்திரி நோட்டில் மூன்று வரிக்குப் பதில் ஒரு பக்கம் எழுதினேன். அடுத்த மாதம், வேறொரு நோயாளி, வேறொரு டாக்டர். கேட்டதும் அவர் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். அன்று மதியமே குடும்பத்தை அறைக்குக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினார். நோயாளி ஐந்தாம் நாள் போய்விட்டார். மகள் பக்கத்தில் இருந்தார், விலா எலும்பு எதுவும் உடையவில்லை.

கேட்டும் மாறாத நாட்கள் வரும், நிறையவே வரும். அன்று அந்த வார்டில் உங்களோடு இருந்த ஒருவரிடம், டூட்டி முடிந்ததும் ஐந்து நிமிஷம் அதைச் சொல்லிவிட்டுப் போங்கள். தீர்வு வேண்டாம், "ஆமாம், நானும் பார்த்தேன்" என்ற வார்த்தை போதும். இதையே அமைப்பாகச் செய்யும் இடங்கள் உண்டு. கென்னத் ஷ்வார்ட்ஸ் என்ற பாஸ்டன் வழக்கறிஞர் நுரையீரல் புற்றுநோயில் 1995இல் இறந்தார். தன்னைக் கனிவோடு கவனித்தவர்களை நினைத்து அவர் தொடங்கிய மையத்தின் வழியாக 1997இல் ஷ்வார்ட்ஸ் ரவுண்ட்ஸ் ஆரம்பமானது. டாக்டரிலிருந்து வார்டு பணியாளர் வரை ஒரே அறையில் உட்கார்ந்து, கேஸின் மருத்துவத்தை விட்டுவிட்டு அது தங்களை என்ன செய்தது என்று மட்டும் பேசுவார்கள். நாங்கள் மாதம் ஒருநாள் 40 நிமிஷம் வைத்திருக்கிறோம். பெயரெல்லாம் வைக்கவில்லை. முதல் கூட்டத்தில் 15 நிமிஷம் யாரும் வாயைத் திறக்கவில்லை.

தப்பு நடந்த பிறகு

சில வருஷங்களுக்கு முன் மயக்க மருந்து பம்ப்பில் மணிக்கு 3 மில்லி என்பதற்கு 30 என்று அடித்துவிட்டேன். பக்கத்து பெட் நர்ஸ் ஒரு நிமிஷத்தில் பார்த்துவிட்டார். பிரஷர் கொஞ்சம் இறங்கி, ஏறிவிட்டது. நோயாளிக்குத் தீங்கில்லை. எனக்கு மூன்று மாதம் தூக்கத்தில் அந்த பம்ப்பின் அலாரம் கேட்டது. இப்படித் தவறுக்குப் பிறகு நொறுங்குபவர்களை ஆல்பர்ட் வூ என்ற டாக்டர் 2000இல் "இரண்டாவது பாதிக்கப்பட்டவர்" என்று அழைத்தார். நோயாளியின் துன்பத்தோடு இதைச் சமமாக வைக்கலாமா என்று அந்தப் பெயர்மேல் வருத்தப்படுபவர்களும் உண்டு, அது நியாயம்தான். ஆனால் அந்த நிலை பொய்யில்லை.

உங்களுக்கு நடந்தால்: நோயாளியைப் பாருங்கள், சொல்லுங்கள், பதிவுசெய்யுங்கள், பிறகு அன்றே நம்பிக்கையான ஒரே ஒருவரிடம் பேசுங்கள். எல்லாரையும் ஒரு அறையில் உட்காரவைத்து, நடந்ததை ஒரே அமர்வில் கட்டாயமாகச் சொல்லவைக்கும் முறை பலன் தருவதாக ஆய்வுகளில் தெரியவில்லை, சிலருக்குக் கெடுதலும் செய்திருக்கிறது. விரும்பினால் பேசட்டும், விரும்பாதவரை விடுங்கள். ஒரு மாதம் கழித்தும் காட்சி திரும்பத் திரும்ப வந்தால், அந்த பெட் பக்கம் போகவே கால் வராவிட்டால், உளவியல் உதவி தேவை.

இன்சார்ஜாக இருப்பவர்களுக்கு: தப்பைச் சொல்ல வந்தவரிடம் நீங்கள் பேசும் முதல் வாக்கியத்தை வார்டு முழுக்க கவனிக்கிறது. நான் கேட்பது இரண்டு: "பேஷன்ட் எப்படி இருக்கிறார்? நீ எப்படி இருக்கிறாய்?" அப்புறம், "உன் பெட்டை நான் பார்க்கிறேன், பத்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டு வா." விசாரணை அதற்குப் பிறகு. ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் 1990களில் மருத்துவமனைக் குழுக்களை ஆராய்ந்தபோது நல்ல குழுக்களில்தான் மருந்துத் தவறுகள் அதிகம் பதிவாகியிருந்தன. அவர்கள் அதிகம் தப்பு செய்தார்கள் என்பதைவிட, பயப்படாமல் சொன்னார்கள் என்பதே அதற்கு விளக்கம் என்று அவர் கண்டார். தப்பே வராத வார்டு என்று யாராவது பெருமைப்பட்டால் எனக்குப் பயமாக இருக்கும்.

ரோஸ்டர், நியாயம், மற்றவை

மேலே சொன்னதெல்லாம் தனி ஆள் செய்யக்கூடியவை. அதற்கு ஓர் எல்லை உண்டு. வேலைச் சுமை அதிகமாகவும் அதன்மேல் நமக்குள்ள பிடி குறைவாகவும் இருக்கும்போதுதான் மனம் அதிகம் நசுங்குகிறது என்று ராபர்ட் கராசெக் என்ற ஆய்வாளர் 1979இலேயே எழுதிவிட்டார். 2017இல் டாக்டர்களைப் பற்றிப் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பாய்வில், தனி ஆளுக்குத் தரும் பயிற்சிகளைவிட வேலை அமைப்பை மாற்றியதே அதிகம் பலன் தந்தது. எங்களுக்கும் ஒருதடவை மன அழுத்தத்தைச் சமாளிக்கும் வகுப்பு வைத்தார்கள். நைட் டூட்டி முடிந்த காலை 9 மணிக்கு. வருகை கட்டாயம்.

சுமையை ஒரேயடியாகக் குறைக்க முடியாவிட்டாலும் பிடியைக் கொஞ்சம் கூட்டலாம். மொத்தமாகக் குறை சொல்லாமல் ஒரே ஒரு விஷயத்தைக் கேளுங்கள். நாங்கள் கேட்டது, ரோஸ்டர் (யாருக்கு எப்போது டூட்டி என்ற அட்டவணை) இரண்டு வாரம் முன்னால் தெரியவேண்டும், எங்களுக்குள் மாற்றிக்கொள்ள அனுமதி வேண்டும் என்பது. ஆளும் கூடவில்லை, மணி நேரமும் குறையவில்லை. ஆனால் யாருக்கு எப்போதும் நல்ல ஷிஃப்ட் போகிறது என்ற முணுமுணுப்பு பாதியாகக் குறைந்தது. அநியாயம் நடக்கிறது என்ற எண்ணமும் ஆளை எரிக்கும்.

"என்ன பண்ணி என்ன" என்பவர்களுக்கு ஒன்று. டெய்ட் ஷனாஃபெல்ட் என்ற டாக்டரின் குழு செய்த 2009 ஆய்வில், தனக்கு மிகவும் அர்த்தமுள்ள வேலைக்கு நேரத்தில் 20 சதவீதமாவது ஒதுக்க முடிந்த மருத்துவர்களிடம் பணிச்சோர்வு மற்றவர்களைவிடக் கிட்டத்தட்ட பாதிதான் இருந்தது. மீதி 80 சதவீதம் ஃபார்ம் நிரப்பினாலும் பரவாயில்லை என்பது போல. எனக்கு அது சொல்லிக்கொடுப்பது. வாரம் அரை நாள் புதியவர்களுக்கு வென்டிலேட்டர் வகுப்பு எடுக்கிறேன். உங்களுடையது எது என்று நோட்டில் மனசு ஏறிய நிமிஷங்களைத் தேடினால் தெரியும். இறங்கியதை மட்டும் எழுதச் சொன்னது என் தப்பு, ஏறியதையும் எழுதுங்கள்.

டூட்டிக்குப் பிறகு மனசை வேலையிலிருந்து கழற்றுவது தனிக் கலை. படுத்துக்கொண்டு செல்போனைத் தள்ளுவதில் உடம்பு ஓயும், மனசு கழலாது. கை ஈடுபடும் ஏதாவது வேண்டும், கொஞ்சம் கஷ்டமாக, மருத்துவத்துக்குச் சம்பந்தமில்லாமல். நான் 40 வயதுக்கு மேல் நீச்சல் கற்றுக்கொள்கிறேன், மோசமாக நீந்துகிறேன். தண்ணீரில் மூச்சுவிடுவதைத் தவிர வேறு எதையும் யோசிக்க முடியாது என்பது வசதி. வார்டு குரூப்பை மியூட் செய்துவிட்டேன், அவசரமென்றால் போன் செய்வார்கள்.

ராஜினாமாக் கடிதம் எழுதத் தோன்றினால் எழுதுங்கள். நைட் டூட்டி முடிந்த 24 மணி நேரத்துக்குள் மட்டும் அனுப்பாதீர்கள். என்னிடம் அதிகாலை நான்கு மணிக்கு எழுதிய நான்கு கடிதங்கள் இருக்கின்றன. தூங்கி எழுந்து, லீவிலும் இருந்து, சார்ட்டும் பார்த்து, கேட்கவேண்டியதைக் கேட்டும் மாறாத இடம் என்றால் ஐந்தாவதை அனுப்பலாம். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. என் கூட வேலை பார்த்தவர்களில் இரண்டு பேர் அப்படிப் போனார்கள், நன்றாக இருக்கிறார்கள்.

இரண்டு மாதம் கழித்து மறுபடி இரண்டு வாரம் சார்ட் போடுங்கள். சரியாகிறதா என்று பார்க்க நான் களைப்பை அளப்பதில்லை, களைப்பு இருந்துகொண்டுதான் இருக்கும். மூன்று வரிக்குக் கீழே நான்காவதாக ஒன்று சேர்த்திருக்கிறேன்: இன்று பார்த்த ஒருவரைப் பற்றி, கேஸ் ஷீட்டில் இல்லாத ஒரு விவரம். எழுத எதுவும் இல்லாத நாட்கள் அடுத்தடுத்து மூன்று வந்தால் பழைய மூலம் திரும்பக் கிளம்புகிறது என்று அர்த்தம். நேற்று எழுதியது: ஏழாம் பெட் அட்டெண்டர் சட்டைப் பட்டனை ஒன்று மாற்றிப் போட்டிருந்தார், காலையிலிருந்து யாரும் அவரிடம் சொல்லவில்லை.